சின்ன கோத் பிராண்டுகளில் பேட்ஜ், ஸ்டிக்கர், பிளானர் வாங்குவது காசுக்குத் தகுமா?

தாராளமாக வாங்கலாம். எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து வாங்கினால் போதும்.

மான்செஸ்டரில் படிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஒருவரே வரைந்து, ஒருவரே பொட்டலம் கட்டி அனுப்பும் பிராண்டில் எனாமல் பேட்ஜ் (உலோகக் கோடுகளுக்கு நடுவே வண்ணம் ஊற்றியது) 9 பவுண்டு, அதே பேட்ஜ் சீனத் தளத்தில் 1 பவுண்டு, அறைத் தோழர்கள் "ஏமாறாதே" என்கிறார்கள், அதுதானே சங்கதி? படித்ததும் எனக்குச் சுருக்கென்றது, ஏனென்றால் இதே வார்த்தையை என் சொந்தக்காரர்களிடம் நான் கேட்காத நாளில்லை. என் ஊர் திருச்சி, இப்போது இருப்பது லீட்ஸில். கறுப்பு உடை, வெள்ளி நகை, வௌவால் காதணி என்று இருக்கும் இந்த கோத் பாணி எனக்குக் கல்லூரிக் காலத்திலிருந்தே பிடிக்கும். அதனால் இதில் கொஞ்சம் விவரம் தெரியும். எந்தக் கடைக்கும் விளம்பரம் செய்ய வரவில்லை, வாங்கிய பிராண்டின் பெயரையும் சொல்லப் போவதில்லை.

விட்பியில் நடக்கும் கோத் திருவிழாவில்தான் அந்த பேட்ஜை வாங்கினேன். யார்க்ஷயர் கடற்கரையில் இருக்கிற சின்ன ஊர், 1994 முதல் அங்கே கோத் கூட்டம் கூடுகிறது. முதுகில் மண்டையோடு போட்ட அந்துப்பூச்சி, கறுப்பும் மஞ்சளும், இறக்கை நரம்பெல்லாம் தங்க நிறக் கோடு. ஸ்டாலில் இருந்த பெண்ணே வரைந்தது. அந்த இறக்கையின் நரம்புகளைச் சரியாகப் போட அருங்காட்சியகத்தில் பூச்சிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து வரைந்ததாகச் சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார். வரைந்தவருக்கு அதைச் சொல்ல வேண்டும்போல் இருந்திருக்கும்.

சில மாதம் கழித்து என் அத்தை மகன் வீட்டுக்கு வந்தான். என் பையில் குத்தியிருந்ததைப் பார்த்துவிட்டுப் போனவன், அடுத்த முறை வரும்போது ஒன்றை மேசையில் போட்டு, "இந்தா, அதே பூச்சி, உன் விலையில் இதில் எட்டு வாங்கலாம்" என்றான். இரண்டையும் விளக்குக்குக் கீழே பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். தூரத்தில் இரண்டும் ஒன்றுதான். கிட்டே பார்த்தால், அவன் கொண்டுவந்ததில் வலது இறக்கையின் மேல் ஒரு வெள்ளைத் திட்டு. என்னுடையதில் அது இல்லை. கொஞ்ச நேரம் புரியவில்லை. அப்புறம் அந்தப் பெண்ணின் தளத்தில் இருந்த புகைப்படத்தைத் திறந்து பார்த்தபோது புரிந்துவிட்டது. படம் எடுத்தபோது பளபளப்பில் விழுந்த விளக்கு வெளிச்சம் அது. நகல் எடுத்தவன் அந்தப் படத்தை அப்படியே இழுத்து, வெளிச்சத்தையும் இறக்கையின் ஒரு பாகம் என்று நினைத்து வெள்ளை எனாமல் ஊற்றியிருக்கிறான். பூச்சியை அவன் பார்த்ததே இல்லை. நகத்தால் தடவினாலும் வித்தியாசம் தெரிந்தது: என்னுடையதில் எனாமலும் உலோகக் கோடும் ஒரே மட்டமாக, வழவழவென்று, அதில் கோடுகள் மேடாகத் துருத்திக்கொண்டு, வண்ணம் சில இடத்தில் குழியில் பாதிதான் நிரம்பியிருந்தது.

இதை அந்தப் பெண்ணுக்கு எழுதினேன். அவருக்கு ஏற்கெனவே தெரியும். புகார் கொடுத்தால் பக்கத்தை எடுக்கிறார்கள், வேறு கடைப் பெயரில் மறுபடி வருகிறது, புகார் எழுதும் நேரத்தில் இன்னொன்று வரைந்துவிடலாம் என்று விட்டுவிட்டேன் என்றார். பிரிட்டனில் பதிப்புரிமைக்கு, அதாவது காப்பிரைட்டுக்கு, பதிவு எதுவும் தேவையில்லை, வரைந்த கணமே அது வரைந்தவருடையது. சட்டம் அவர் பக்கம்தான். ஒற்றை ஆளாக ஒரு தளத்தோடு மல்லுக்கட்ட அவருக்குத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

"அவங்களும் சைனாவில்தானே அடிக்கிறாங்க" என்று யாராவது கீழே எழுதுவீர்கள். உண்மைதான். எனாமல் பேட்ஜ் பெரும்பாலும் சீனத் தொழிற்சாலைகளில்தான் அச்சிலிட்டு அடிக்கப்படுகிறது, நல்ல பிராண்டுகள் அதை மறைப்பதும் இல்லை. அச்சுக்குத் தனிக்காசு, குறைந்தது ஐம்பது நூறு என்று மொத்தமாகத்தான் எடுக்க வேண்டும், விற்கிறதோ இல்லையோ முதல் போட்டவர் தலையில்தான் விழும். அந்தத் தொழிற்சாலைக்காரர்கள் நல்ல வேலைக்காரர்கள். அவர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. எந்த நாட்டில் அடித்தார்கள் என்பதில் எனக்கு வழக்கில்லை, யார் வரைந்த படம், அவருக்குக் காசு போனதா என்பதில்தான் வழக்கு.

சரி, வாங்கும்போது எதைப் பார்ப்பது? பேட்ஜ் என்றால் ஹார்டு எனாமலா சாஃப்ட் எனாமலா என்று எழுதியிருப்பார்கள். முதலாவது சமமாகத் தேய்க்கப்பட்டது, கீறல் அவ்வளவாக விழாது. இரண்டாவதில் கோடுகள் மேடாக இருக்கும், அது தரம் குறைந்தது என்று அர்த்தமில்லை, விலை மட்டும் குறைவாக இருக்க வேண்டும். பின்னால் இரண்டு ஊசி இருந்தால் சட்டையில் சுற்றிக்கொண்டே இருக்காது. ரப்பர் மூடியோடு வந்தால் பையில் குத்தாதீர்கள், பேருந்தில் உரசி எங்கேயாவது விழும். பூட்டுகிற மாதிரி உலோக மூடி தனியாகவே கிடைக்கிறது. சின்னக் குறை உள்ளவற்றை "செகண்ட்ஸ்" என்று விலை குறைத்துப் போடுவார்கள். மாணவர் நீங்கள், அதைக் காத்திருந்து வாங்குங்கள், குறையைக் கண்டுபிடிக்கவே பூதக்கண்ணாடி வேண்டியிருக்கும்.

காதணியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். காதில் குத்திப் போடும் நகையிலிருந்து கசிந்து தோலை அரிக்கவைக்கும் நிக்கலுக்கு இங்கே சட்டப்படி வரம்பு உண்டு, சதுர சென்டிமீட்டருக்கு வாரத்தில் 0.2 மைக்ரோகிராம். பெயர் தெரியாத இடத்திலிருந்து வருவது அதற்குள் இருக்கிறதா என்று யாரிடம் கேட்பீர்கள்? வெள்ளி என்று விற்றால், 7.78 கிராமுக்கு மேல் இருந்தால் ஹால்மார்க் கட்டாயம், அதற்குக் கீழே என்றால் தேவையில்லை. அதனால் சின்னக் காதணியில் முத்திரை இல்லையே என்று சண்டைக்குப் போகாதீர்கள். பியூட்டர் என்ற கலப்பு உலோகத்தில் செய்த நகை இந்த கோத் உலகத்தில் நிறைய, அந்த உலோகத்தில் பெரும்பகுதி வெள்ளீயம், லெஸ்டரில் ஆல்கெமி நிறுவனம் 1977 முதல் செய்கிறது. காரீயம் (லெட்) கலக்காதது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

காகிதச் சாமான்தான் எனக்கு உயிர். 20 பவுண்டு பிளானருக்கு அழுகிறீர்கள், ஆனால் கேட்க வேண்டிய கேள்வி தாள் எத்தனை ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பது. ஆபீஸ் பிரிண்டர் தாள் 80. அதில் மை பேனாவால் எழுதினால் மறுபக்கம் பேய் மாதிரி தெரியும். 100, 120 என்றால் நிம்மதி. தேதி போடாத பிளானராக வாங்கினால் பாதி வருடத்தில் தொடங்கினாலும் நஷ்டமில்லை. வாழ்த்து அட்டைக்கு 300க்குக் குறையாமல் இருக்கட்டும், உள்பக்கம் பளபளப்பு பூசாததாக இருக்கட்டும். பூசிய தாளில் ஜெல் பேனா மை காயாமல் கையெல்லாம் அப்பும். மடிக்கணினியில் ஒட்ட வைனில் ஸ்டிக்கர், டைரிக்குள் ஒட்டக் காகித ஸ்டிக்கர் போதும்.

அனுப்பும் செலவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இங்கத்திய தபால் நிறுவனமான ராயல் மெயிலில் 2.5 சென்டிமீட்டர் தடிமனுக்குள் இருந்தால் பெரிய கடிதம், தாண்டினால் பார்சல், விலை எகிறிவிடும். சின்ன பிராண்டுகள் பேட்ஜைப் பெட்டியில் போடாமல் அட்டையில் குத்தி அனுப்புவது அதற்காகத்தான், அலட்சியம் இல்லை. அட்டை, ஸ்டிக்கர், பேட்ஜ் எல்லாவற்றையும் ஒரே ஆர்டரில் போட்டால் ஒரே உறைக்குள் அடங்கும்.

இணையத்தில் வாங்கியது பிடிக்கவில்லை என்றால் கைக்கு வந்த 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே வேண்டாம் என்று சொல்லலாம், 2013 விதிமுறை அது. உங்களுக்கென்றே பெயர் பொறித்துச் செய்ததற்குப் பொருந்தாது. ஸ்டாலில் நேரில் வாங்கியதற்கும் பொருந்தாது. பழுது என்றால் எங்கே வாங்கியிருந்தாலும் 30 நாளுக்குள் முழுப்பணம் கேட்கலாம். முன்பதிவு என்று போட்டிருந்தால் எப்போது வரும் என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். வாரம் கழித்து "எங்கே என் பார்சல்" என்று அந்த ஒற்றை ஆளைத் திட்டி விமர்சனம் எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஐரோப்பாவில் இருக்கும் சொந்தங்களுக்குப் பரிசாக நேரே அனுப்பச் சொல்லலாம் என்று நினைத்தால் அது இப்போது கஷ்டம். 2024 டிசம்பர் 13 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய பொருள் பாதுகாப்பு விதி வந்துவிட்டது, அங்கேயே ஒரு பொறுப்பாளரை வைத்தால்தான் விற்கலாம். பெரிய கம்பெனிக்கு அது ஒரு காகிதம். அந்துப்பூச்சி வரைகிறவருக்கு வருடாவருடம் காசு. பலர் கடையையே அந்தப் பக்கம் மூடிவிட்டார்கள், அதே விதி பொருந்தும் வட அயர்லாந்துக்கும் சேர்த்து. பாரிஸில் இருக்கும் என் அக்காவுக்கு இப்போது நானே வாங்கி, நானே தபாலில் போடுகிறேன்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லை என்பீர்கள், பரவாயில்லை. கறுப்பு உடுத்தினால் அபசகுனம் என்று ஒவ்வொரு விசேஷத்திலும் எனக்கு வகுப்பு எடுக்கிறார்கள். கார்த்திகையில் மாலை போட்டால் தெருவே கறுப்பு வேட்டியில் நடக்கிறது. பெரியார் தொண்டர்கள் காலங்காலமாகக் கறுப்புச் சட்டை போடுகிறார்கள். அவர்களை யாரும் கல்யாண வாசலில் நிறுத்தி "உனக்கு என்னம்மா குறை" என்று கேட்பதில்லை. எனக்கு ஒரு குறையும் இல்லை, பெரியம்மா. எனக்கு இது அழகாக இருக்கிறது.

இது வெறும் உடைதானே என்று லேசாகச் சொல்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2007 ஆகஸ்டில், உங்கள் மான்செஸ்டரிலிருந்து அதிக தூரமில்லாத பேக்கப் ஊர்ப் பூங்காவில் சோஃபி லங்காஸ்டர் என்ற 20 வயதுப் பெண்ணை, கோத் உடை போட்டிருந்தார் என்பதற்காகவே பையன்கள் அடித்தார்கள், அவர் பிழைக்கவில்லை. 2013இல் கிரேட்டர் மான்செஸ்டர் போலீஸ் இப்படிப்பட்ட தாக்குதல்களை வெறுப்புக் குற்றமாகப் பதிவு செய்யத் தொடங்கியது. அவர் பெயரில் அறக்கட்டளை இருக்கிறது, கறுப்புக் கைப்பட்டை விற்கிறார்கள், என் கையில் எப்போதும் ஒன்று இருக்கும். இந்த ஸ்டால்களில் நிற்கிற பலருக்கு அந்தக் கதை தெரியும். தன்னைப்போல் இருப்பவர்களைப் பார்த்து நான்கு வார்த்தை பேசத்தான் பலர் அங்கே வருகிறார்கள், பேட்ஜ் அப்புறம்தான்.

அதனால் முடிந்தால் முதல் முறை நேரில் வாங்குங்கள். விட்பிக்கு லீட்ஸிலிருந்து கோஸ்ட்லைனர் 840 பேருந்து நேரே போகிறது, திருவிழா வசந்தத்தில் ஒன்று, அக்டோபர் கடைசி வாக்கில் ஒன்று. தாளைத் தொட்டுப் பாருங்கள், பேட்ஜை நகத்தால் தடவிப் பாருங்கள், யார் வரைந்தது என்று வாய்விட்டுக் கேளுங்கள். வரைந்தவரே எதிரில் நின்றால் பேச்சு அரை மணி நேரம் போகும். கையில் கொஞ்சம் நேரம் வைத்துக்கொண்டு போங்கள்.