ஆஸ்பெஸ்டாஸ் கூரை: உடைக்காமல் கழற்றுவது எப்படி?

பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையை மாற்றுவது குறித்து அடுத்தடுத்துக் கடிதங்கள் வந்துள்ளதால், இந்த இதழின் கேள்வி பதில் பகுதி முழுவதும் அதற்கே ஒதுக்கப்படுகிறது. ஒரே பொருளில் அமைந்த கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டின் பின்பகுதிக்கு 30 ஆண்டுகளுக்கு முன் போட்ட ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருக்கிறது. பாசி படர்ந்துவிட்டது, ஓரத்தில் இரண்டு ஷீட்டுகள் விரிசல் கண்டுள்ளன. புற்றுநோய் வரும், உடனே உடைத்து எடுத்துவிடுங்கள் என்கிறார் என் மருமகன். இத்தனை காலம் இதன் கீழேதானே இருந்தீர்கள், யாருக்கு என்ன ஆயிற்று என்கிறார் கொத்தனார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. கூரை ஷீட்டில் பெரும்பங்கு சிமெண்ட்தான். அதில் பொதுவாக 10 முதல் 15 விழுக்காடு வரை கிரிசோடைல் எனப்படும் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் இழைகள் கலந்திருக்கும். சிமெண்ட் அந்த இழைகளை இறுகப் பிடித்திருக்கும் வரை அவை எளிதில் காற்றில் கலப்பதில்லை. ஆகவே உறுதியாக உள்ள கூரையின் கீழே வாழ்ந்ததாலேயே நோய் வந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை.

ஆனால் ‘யாருக்கு என்ன ஆயிற்று’ என்பது சான்றாகாது. இழைகளை மூச்சில் இழுத்தவர்களுக்கு நுரையீரலின் உறையில் தோன்றும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய், வெளியே தெரிவதற்குப் பெரும்பாலும் 20 முதல் 50 ஆண்டுகள் வரை ஆகிறது. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் உட்பட அதன் எல்லா வகைகளையும், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியான பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. புகைபிடிக்கும் பழக்கமும் சேர்ந்தால், நுரையீரல் புற்றுநோய்க்கான வாய்ப்பு இரண்டின் தனித்தனி அளவுகளைக் கூட்டினால் வருவதைவிட மிகுதியாக உயர்கிறது.

உங்கள் கூரையில் பார்க்க வேண்டியது அதன் வயதை அன்று, மேற்பரப்பை. வெயிலும் மழையும் பாசியும் சேர்ந்து சிமெண்டைச் சிறிது சிறிதாக அரிக்கும்போது இழைகள் வெளியே தலைநீட்டுகின்றன. அந்த நிலையில் பாசியைச் சுரண்டுவதும், கம்பித் தூரிகையால் தேய்ப்பதும், உயர் அழுத்த நீரைப் பீய்ச்சிக் கழுவுவதும் கூரையை அப்படியே விட்டுவைப்பதைவிடப் பெரிய தீங்கு. ஷீட்டுகள் உறுதியாக இருந்தால் விட்டுவைத்துக் கண்காணிப்பதே பல நேரங்களில் நல்ல முடிவு. உங்களுக்கோ விரிசல் வந்துவிட்டது. ஷீட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி அமர்ந்திருப்பதால், இரண்டை மட்டும் உருவும்போது பக்கத்தில் உள்ளவையும் உடையக்கூடும் என்பதை எண்ணி, முழுக் கூரையையும் ஒரே வேலையாகக் கழற்றத் திட்டமிடுவது மேல். மருமகனிடம் ‘உடைத்து’ என்ற சொல்லை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள்.

கேள்வி: காற்று மாசுச் சட்டம் என்பது ஆலைப் புகைக்கும் வாகனப் புகைக்கும் உரியதல்லவா? ஒரு கூரையைப் பிரிப்பதில் அதற்கு என்ன வேலை?

பதில்: ஆலைக்குப் புகைபோக்கி இருக்கிறது, அதன் வாயில் கருவியை வைத்து அளந்து, இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு கட்டலாம். கூரை பிரிக்கும் இடத்தில் அப்படி ஒரு வாய் கிடையாது. எனவே எவ்வளவு வெளியேறலாம் என்று எண்ணால் சொல்வதற்குப் பதிலாக, வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லும் வழியைச் சட்டங்கள் தேர்ந்தெடுத்தன.

அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டத்தின்கீழ் 1973 முதல் நடைமுறையில் உள்ள ஆஸ்பெஸ்டாஸ் விதிகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் ஷீட் எளிதில் பொடியாகாத பொருள்களின் வரிசையில்தான் சேர்கிறது. ஆனால் அதைப் பிரிக்கும் முறையால் அது நொறுங்கிப் பொடியாகும் வாய்ப்பு மிகுதி என்றால், அதே ஷீட் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட ஆபத்துப் பொருளாகிவிடுகிறது. ஏறத்தாழ 15 சதுர மீட்டர் அளவுக்கு அத்தகைய பொருள் இருக்குமானால், வேலை தொடங்குவதற்குக் குறைந்தது 10 வேலை நாள்களுக்கு முன்பே எழுத்து மூலம் அறிவித்தாக வேண்டும். நனைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். கண்ணுக்குத் தெரியும் தூசி எதுவும் வெளியேறக்கூடாது. ஆள் வைத்துச் செய்தேன், எனக்குத் தெரியாது என்று உரிமையாளர் ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது, ஏனெனில் பொறுப்பு இருவருக்கும் உண்டு. அந்த விதிகள் நான்கு குடியிருப்புகளுக்கு மேற்படாத தனி வீடுகளுக்கு விலக்கு அளிக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். இது நிர்வாக வசதிக்கான விலக்கே தவிர, அந்தக் கூரையின் இழை நுரையீரலுக்கு ஒன்றும் செய்யாது என்ற சான்றிதழ் அன்று.

ஜப்பானில், 1995ஆம் ஆண்டு கோபே நகரைத் தாக்கிய நிலநடுக்கத்தில் இடிந்த கட்டடங்களை அகற்றியபோது எழுந்த கவலையைத் தொடர்ந்து, காற்று மாசுத் தடுப்புச் சட்டம் கட்டட இடிப்பு வேலையையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. ஆயினும் சிமெண்ட் ஷீட் போன்ற வார்ப்புப் பொருள்கள் நெடுங்காலம் அதற்கு வெளியிலேயே இருந்தன. 2020இல் சட்டம் திருத்தப்பட்டு 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிறகுதான் அவையும் உள்ளே வந்தன. இப்போது அங்கே வெட்டாமல், உடைக்காமல், முழுதாகக் கழற்றுவதே முதல் விதி. அது இயலாதபோது மட்டுமே நனைத்துக்கொண்டு வேறு வழியில் எடுக்கலாம். மேலும், 80 சதுர மீட்டருக்குக் குறையாத பரப்பை இடிக்கும் எந்த வேலைக்கும், ஆஸ்பெஸ்டாஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும், முன்கூட்டியே ஆய்வு செய்து அதன் முடிவை அதிகாரிகளிடம் தெரிவிக்க வேண்டும்.

நீங்கள் வாழும் இடத்தில் உள்ள விதியை அங்குள்ள மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலும் உள்ளாட்சி அலுவலகத்திலும் கேட்டறிந்த பிறகே வேலைக்கு ஆள் பேசுங்கள். காற்று, தொழிலாளர் பாதுகாப்பு, கழிவு ஆகிய மூன்றும் தனித்தனிச் சட்டங்களில் இருப்பது வழக்கம் என்பதால், ஓர் அலுவலகத்தில் ‘ஒன்றும் தேவையில்லை’ என்று சொல்லிவிட்டால் மற்ற இரண்டும் முடிந்துவிட்டதாகக் கொள்ள வேண்டாம்.

கேள்வி: பார்த்தவுடன் ஆஸ்பெஸ்டாஸ் உள்ள ஷீட்டை அடையாளம் காண முடியுமா?

பதில்: முடியாது. ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத சிமெண்ட் ஷீட்டும் அதே நெளிவோடு, அதே சாம்பல் நிறத்தில்தான் இருக்கும். ஆய்வகத்தில் நுண்ணோக்கியின் கீழ் பார்த்தே உறுதி செய்ய இயலும். எடையில் எத்தனை விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் சட்டம் பொருந்தும் என்பதும் நாட்டுக்கு நாடு மாறுகிறது: மேற்சொன்ன அமெரிக்க விதிகளில் அது 1 விழுக்காடு, ஜப்பானில் 0.1 விழுக்காடு. சோதிக்க வழியில்லாத பழைய ஷீட் என்றால், ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது என்றே கொண்டு வேலை செய்யுங்கள்.

கேள்வி: கழற்றும் வேலையை வரிசைப்படி விளக்குவீர்களா? எங்களுக்குக் கிடைத்த ஆள், மேலே ஏறிச் சுத்தியலால் தட்டி உள்ளே விழச் செய்து, பிறகு கூட்டி அள்ளிவிடலாம், அரை நாள் வேலை என்கிறார்.

பதில்: அந்த ஆளை அனுப்பிவிட்டு, இந்த வேலையில் பயிற்சி பெற்றவரைத் தேடுங்கள். பல இடங்களில் உரிமம் பெற்றவர் மட்டுமே செய்யலாம் என்ற விதியும் உண்டு. கீழே எழுதுவது நீங்களே ஏறிச் செய்வதற்காக அன்று. செய்பவர் சரியாகச் செய்கிறாரா என்று தரையில் நின்று பார்ப்பதற்காக.

முதல் ஆபத்து இழையே அன்று, விழுவது. பழைய ஷீட் ஆளின் எடையைத் தாங்காது. போல்ட் வரிசையின் மேல் மிதித்து நடந்தால் ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கையும் பொய். கீழிருந்து சாரம் கட்டியோ, ஆளை உயர்த்தும் இயந்திர மேடையில் நின்றோ வேலை செய்வதே நல்லது. மேலே போயே ஆக வேண்டுமானால், எடையைக் கூரையைத் தாங்கும் சட்டங்களின்மேல் பரப்பும் பலகையும், வேறொரு உறுதியான இடத்தில் கட்டிய பாதுகாப்புக் கச்சையும் வேண்டும்.

தொடங்குவதற்கு முன் வீட்டின் சன்னல்களையும் கதவுகளையும் மூடி, கூரைக்குக் கீழே உள்ள பொருள்களை வெளியேற்றி, தரையில் தடித்த பாலித்தீன் விரிப்பைப் போட்டு, வேலைக்குத் தொடர்பில்லாதவர்கள் நுழையாதபடி எல்லை கட்ட வேண்டும். காற்று பலமாக வீசும் நாளில் வேலையே வேண்டாம். பிறகு ஷீட்டின் இரு பக்கங்களையும் பூவாளி போன்ற மெல்லிய தூவலால் நனைக்க வேண்டும். பாத்திரம் கழுவும் திரவத்தைச் சில துளிகள் கலந்தால் நீர் வழிந்தோடாமல் உள்ளே இறங்கும்.

எல்லாத் தவறும் நடப்பது போல்ட்டில்தான். 30 ஆண்டுத் துருவில் நட் சுழலாது. உடனே ஷீட்டை நெம்புவார்கள், அது துளையைச் சுற்றிப் பிளந்துவிடும். அப்படிச் செய்யாமல், துருவிளக்கும் எண்ணெயை முந்தின நாளே விட்டுவைத்து, அதற்கும் மசியாத போல்ட்டின் தலையை இரும்பு வெட்டும் கத்தரியால் நறுக்கிவிட வேண்டும். இரும்பைத்தான் வெட்ட வேண்டும், ஷீட்டை அன்று. சுழலும் அறுப்புக் கருவியைக் கூரைப் பக்கமே கொண்டுவரக்கூடாது. அரை நிமிடம் ஷீட்டில் பட்டாலும் அதுவரை காத்த கவனம் அனைத்தும் வீண். போட்ட வரிசைக்கு நேர்மாறான வரிசையில், மேலே ஏறி அமர்ந்த ஷீட்டிலிருந்து தொடங்கினால், ஒன்றை மற்றொன்றின் அடியிலிருந்து இழுக்கும் தேவை வராது. கழன்ற ஷீட்டை இருவர் பிடித்து இறக்கிக் கைமாற்ற வேண்டும். எறிவதும் சரித்து விடுவதும் கூடாது. இறக்கியவற்றை நனைத்தபடியே அடுக்கி, அன்றே சுற்றிக் கட்டிவிட வேண்டும்.

உடைந்து விழுந்த துண்டுகளை ஈரத்தோடு கையால் பொறுக்க வேண்டும். உலர்ந்த துடைப்பத்துக்கு இங்கே இடமில்லை. சாதாரண வீட்டு வாக்குவம் கருவி இழைகளை வடிகட்டாமல் மறுபக்கம் காற்றில் ஊதிவிடும் என்பதால், மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி பொருத்திய, இந்த வேலைக்கென்றே உள்ள கருவியைத் தவிர வேறெதுவும் உதவாது.

கேள்வி: கொரோனா காலத்தில் வாங்கிய என்95 முகக்கவசங்கள் வீட்டில் நிறைய இருக்கின்றன. அவை போதுமா?

பதில்: போதாது. தீங்கு செய்யும் இழைகளின் தடிமன் 3 மைக்ரோமீட்டருக்கும் குறைவு, அதாவது தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ 20இல் ஒரு பங்கு. பி100 அல்லது எஃப்எஃப்பி3 தரத்து வடிகட்டியுடன் முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் கவசம் தேவை. தாடி இருந்தால் அந்த ஒட்டுதல் கிடைக்காது. ஒருமுறை அணிந்து வீசும் மேலுடையும் வேண்டும். மற்ற அனைத்தையும் கழற்றிய பின் கடைசியாகக் கழற்ற வேண்டியது முகக்கவசம். வேலை உடையை வீட்டுத் துணிகளோடு துவைக்கக் கொடுக்கவே கூடாது: இழைகளோடு வந்த உடைகளைத் துவைத்த குடும்பத்தினருக்கும் நோய் வந்தது மருத்துவ வரலாற்றில் பதிவாகியிருக்கிறது.

கேள்வி: கழற்றிய ஷீட்டுகள் நல்ல நிலையில் இருக்கின்றன. தெரிந்தவர் ஒருவர் கொட்டகைக்குக் கேட்கிறார். உடைந்தவற்றைப் பள்ளம் நிரப்பப் போட்டுவிடலாம் என்றும் நினைக்கிறோம்.

பதில்: இரண்டும் வேண்டாம். மறுபடி பொருத்தும்போது புதிய துளை போடுவார்கள், அளவுக்கு அறுப்பார்கள். உங்கள் வீட்டில் காத்த கவனம் அவர் வீட்டில் இருக்காது. பல நாடுகளில் மறுபயன்பாடு தடை செய்யப்பட்டும் இருக்கிறது. பள்ளத்தில் போட்டது ஒருநாள் மண்வெட்டியில் படும். எரிக்கவும் இயலாது: இழை எரியாது, சூடேறிய ஷீட்டோ வெடித்துச் சிதறும். ஆபத்தான கழிவுகள் நாடு கடப்பதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கை, ஆஸ்பெஸ்டாஸ் தூசியையும் இழையையும் ஒய்36 என்ற எண்ணில் தன் பட்டியலில் வைத்திருக்கிறது. ஷீட்டுகளை முழுதாகவே, 0.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள பாலித்தீனில் இரண்டு அடுக்காகச் சுற்றி, ஒட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே எழுதி, ஆஸ்பெஸ்டாஸ் கழிவை ஏற்க அனுமதி பெற்ற புதைப்பிடத்துக்கு அனுப்ப வேண்டும். வண்டியில் கொள்ளவில்லை என்று பாதியாக உடைக்க ஓட்டுநர் கேட்பார். அதற்கு முன்பே ஷீட்டின் நீளத்தைச் சொல்லி வண்டி பிடியுங்கள். கழிவு சேர்ந்த இடத்தின் ஒப்புகைச் சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: வேலை முடிந்த பிறகு காற்றைச் சோதிக்க வேண்டுமா?

பதில்: திறந்தவெளிக் கூரையை ஷீட் உடையாமல் கழற்றியிருந்தால், பெரும்பாலும் கண்ணால் செய்யும் கவனமான ஆய்வே போதும். கூரையைத் தாங்கிய சட்டங்களின் மேல்புறத்தையும், சுவரின் தலைப்பையும், கூரை விளிம்பில் மழைநீரை வாங்கும் குழாயையும் மறக்காதீர்கள். பல ஆண்டுகளாகக் கழன்று வந்த இழைகள் அந்தக் குழாயின் சேற்றில்தான் சேர்ந்திருக்கும். சேறு ஈரமாக இருக்கும்போதே வழித்தெடுத்து, ஷீட்டுகளோடு அதே கழிவாகக் கட்டி அனுப்புங்கள். உள்ளே பல ஷீட்டுகள் நொறுங்கி விழுந்திருந்தாலோ, அறைக்குள் தூசி புகுந்திருந்தாலோ, அங்கே மீண்டும் குடியேறுவதற்கு முன், வேலை செய்தவரோடு தொடர்பில்லாத ஆய்வகம் ஒன்றைக் கொண்டு காற்றைச் சோதிப்பது நல்லது.