ஒத்தச் சக்கரத்துல ஜங்ஷனுக்குப் போலாமா?

கேள்வி: அண்ணாச்சி, பாளையங்கோட்டையில இருந்து தெனமும் திருநெல்வேலி ஜங்ஷனுக்கு வேலைக்குப் போறேன், எலக்ட்ரிக் யூனிசைக்கிள், அதான் நின்னுக்கிட்டே போற ஒத்தச் சக்கர வண்டி, வாங்கலாம்னு பாக்கேன். லைசென்ஸ் வேண்டாம்ங்கான் கூட்டாளி, நெசமா? சார்ஜ் கொறஞ்சா கீழ தள்ளிருமாமே?

பதில்: ஒங்கூட்டாளி பாதிதான் சொல்லிருக்கான் தம்பி. மோட்டார் 250 வாட்டுக்குக் கம்மி, வேகம் 25 கிலோமீட்டருக்குள்ள, பேட்டரி இல்லாம எடை 60 கிலோ தாண்டக்கூடாது, இதெல்லாம் சேந்தாத்தான் அந்தச் சலுகை, ஒத்தச் சக்கர வண்டியோ முக்காவாசி 1000 வாட்டுக்கு மேல, பெறவு எங்க சலுகை?

தள்ளுறது நெசம்தான். நீ முன்னால சாஞ்சா கைரோ சென்சார் பாத்து சக்கரத்த முன்னுக்கு ஓட்டி ஒன்னத் தாங்கும், சார்ஜ் கொறஞ்ச நேரம் வேகமா சாஞ்சேன்னா மோட்டாருக்கு அந்தத் தெம்பு இருக்காது, மூஞ்சி குப்புறதான். அதுக்கு முன்னால பீப் அடிக்கும், நீ நிக்க பெடலோட முன்பக்கம் மேல தூக்கும், அப்பமே வேகத்தக் கொறச்சிரணும். ஃபுல் சார்ஜ்ல பெரிய எறக்கமும் ஆவாது, பிரேக் போடுத கரண்டு பேட்டரிக்குத்தான் திரும்பும், அங்க எடமில்லல்லா.

முழு ஹெல்மெட், மணிக்கட்டுக்குக் காப்பு உறை ரெண்டும் மொதல்ல வாங்கு. போற வழியில சுலோச்சன முதலியார் பாலத்துல காலைல பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவுல இதுல போறது எனக்குச் சரியாப் படல, காலி மைதானத்துல ஓட்டிப் பழகு.