இரண்டாம் கொப்பியை முதலில் போட்ட இரவு

"சினிமாவையும் கதைகளையும் வைத்து மூளையை ஆராய்கிறார்களாமே, படம் பார்ப்பதில் அப்படி என்ன அறிவியல் இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த ஆராய்ச்சிகளை வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு முற்றம்தான் நினைவுக்கு வரும்.

தொண்ணூறுகளில் அயலட்டை எல்லாம் காசு சேர்த்து, டெக்கும் டிவியும் ஒரு இரவுக்கு வாடகைக்கு எடுத்துப் படம் போடுவோம். அன்று வந்த படம் இரண்டு கொப்பி, அதாவது இரண்டு வீடியோ கசெட். இலக்கத்தை யாரோ மாற்றி ஒட்டியிருந்ததால் பின்பாதி முதலில் ஓடியது. சண்டை வந்ததும் சின்னதுகள் நாங்கள் கை தட்டினோம். வெடிச் சத்தத்துக்கு முற்றமே திடுக்கிட்டது. ஆனால் அம்மம்மா மட்டும், "இவன் ஆர்? ஏன் அழுகிறான்?" என்று கேட்டபடியே இருந்தார்.

இப்போது ஆய்வுக்கு வருகிறேன். 2004இல் மூளை ஆய்வாளர் ஊரி ஹாசன் குழுவினர் ஐந்து பேரைத் தனித்தனியே எம்ஆர்ஐ இயந்திரத்துக்குள் படுக்க வைத்து, 'தி குட், தி பேட் அண்ட் தி அக்ளி' என்ற கௌபாய் படத்தில் அரை மணி நேரத்தைக் காட்டினார்கள். இதைப் பார், அதைக் கவனி என்று ஒன்றும் சொல்லவில்லை. அப்படியிருந்தும் மூளை மேற்பரப்பில் ஏறக்குறைய 30 சதவீத இடத்தில் செயற்பாடு எல்லோரிலும் ஒன்றாகவே ஏறி இறங்கியது. (இயந்திரம் மனதை வாசிப்பதில்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் மாறுவதைத்தான், அதுவும் சில வினாடி பிந்தி, காட்டும்.) 2008இல் திகில் பட இயக்குநர் ஹிட்ச்காக்கின் ஒரு தொலைக்காட்சிக் கதைக்கு இது 65 சதவீதமானது. நியூயோர்க் பூங்கா ஒன்றில் கமராவை வைத்துவிட்டு எடுத்த காட்சிக்கு 5 சதவீதத்துக்கும் குறைவு. டச்பே கடற்கரையில் மாலையில் கமராவை நிறுத்தி வைத்தாலும் அப்படித்தான் வரும் என்று நினைக்கிறேன். ஒருவர் கடலைப் பார்ப்பார், ஒருவர் கடலை வண்டியை.

எனக்கு அதிகம் பிடித்தது 2011இல் வந்த ஆய்வு. ஒரு கதையை முழுதாகவும், பந்தி பந்தியாக, வசனம் வசனமாக, சொல் சொல்லாகக் கலைத்தும் கேட்க வைத்தார்கள். ஒலியை முதலில் வாங்கும் பகுதிக்கு எல்லாம் ஒன்றுதான், எப்படிக் கலைத்தாலும் வேலை செய்தது. அங்கிருந்து அர்த்தத்தைக் கோர்க்கும் பகுதிகளை நோக்கி மேலே போகப் போக ஒழுங்கு தேவைப்பட்டது. கடைசி அடுக்குகள் கதை கோவையாக வந்தால்தான் ஆட்களுக்கிடையே ஒத்துப்போயின. எங்கள் கைதட்டல் கீழடுக்கு, அம்மம்மாவின் கேள்வி மேலடுக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

இதனால் என்ன பயன் என்று கேட்டால், 2014இல் கனடாவில் நடந்ததைச் சொல்வேன். 16 வருடமாக எந்த அசைவாலும் பதில் தராத ஒருவருக்கு அதே ஹிட்ச்காக் கதையைக் காட்டினார்கள். அவருடைய மூளை சுகதேகிகளின் மூளை போலவே கதையைப் பின்தொடர்ந்தது. உள்ளே ஆள் இருக்கிறார் என்று கண்டுபிடிக்க ஒரு படம் போதுமாயிருந்தது.

சரி, ஒரே படத்தை எல்லோரும் ஒரே மாதிரி விளங்குவார்களா? இல்லை. 2017இல் ஒரு கணவனின் தொலைபேசிப் பேச்சுக் கதையைக் கேட்கக் கொடுத்தார்கள். ஒரு கூட்டத்துக்கு 'மனைவி ஏமாற்றுகிறாள்' என்றும், மற்றதுக்கு 'அவனுக்குத்தான் வீண் சந்தேகம்' என்றும் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். கதை ஒன்று, ஒரு சொல்லும் மாறவில்லை. ஆனாலும் மேலடுக்குகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்தன.

எங்கள் முற்றத்தில் அந்த மற்றக் கூட்டம் மாமா ஒருவர்தான். கொழும்பில் தியேட்டரில் ஏற்கெனவே பார்த்துவிட்டார், ஆனால் கொப்பி மாறியதை வாய் திறந்து சொல்லவில்லை. மீசைக்காரன் ஒருவன் சுடுபட்டுச் சாக, அம்மம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார், மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் முன்பாதி ஓடியது. அந்த மீசைக்காரன்தான் ஒரு குடும்பத்தையே வெட்டிப் போட்டவன்.

"நாசமாய்ப் போவான், இவனுக்கே நான் அழுதனான்?" என்றார் அம்மம்மா. விடிய டெக்கைத் திருப்பிக் கொடுக்கப் புறப்பட்டபோது மறித்து, அவன் சாகிற இடத்தை மட்டும் இன்னொருதரம் போடச் சொன்னார்.