கிரவுட் சந்தேகங்கள்: டைல்ஸ் மேஸ்திரி பதில் சொல்கிறேன்

மதுரையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக டைல்ஸ் ஒட்டுகிறேன். டைல்ஸுக்கு இடையே உள்ள இடுக்கை நிரப்பும் கலவையான கிரவுட் பற்றி மட்டும் கேளுங்கள்.

திருமங்கலம்: அண்ணே, குளியலறைத் தரையில் கிரவுட் போட்டு மூன்றே மாதம். விரலால் தேய்த்தாலே மாவாக உதிர்கிறது. மட்டமான சரக்கா?

சரக்கைக் குறை சொல்லாதீர்கள் தம்பி, கலந்த கையைப் பாருங்கள். போன சித்திரையில் அனுப்பானடியில் ஒரு வீட்டில் நேரில் பார்த்தேன். கையாள் பொடியைச் சட்டியில் கொட்டி, மக்கில் மொண்டு கண் அளவாக ஊற்றினார். அரை மணியில் அது இறுகியதும் இன்னும் அரை மக் ஊற்றிக் கிளறினார். வேலை கெட்டது அந்த அரை மக் தண்ணீரால்தான். அதிகத் தண்ணீர் ஆவியாகிப் போன இடத்தில் ஊசித்துளைகள் விழும். கிரவுட் சுருங்கும், வலுவிழக்கும், நிறமும் திட்டுத்திட்டாகும்.

பாக்கெட்டில் அச்சிட்ட அளவுத் தண்ணீரை அளந்து முதலில் ஊற்றுங்கள். பிறகு பொடியைத் தூவிக் கலக்குங்கள். இட்லி மாவை விடக் கெட்டியாக, கரண்டியைச் சாய்த்தால் வழியாமல் நிற்க வேண்டும். ஐந்து முதல் பத்து நிமிடம் சும்மா விட்டு மறுபடி கிளறுங்கள். அரை மணியில் தீரும் அளவுக்கு மேல் கலக்கவே வேண்டாம். இறுகியதைத் தூர எறியுங்கள். நம் ஊர் வெயிலில் காய்ந்த டைல்ஸ் கிரவுட்டின் ஈரத்தை உறிஞ்சிவிடும். அதனால் இடுக்குகளை முன்பே ஈர ஸ்பாஞ்சால் துடைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் மட்டும் தேங்கக் கூடாது.

இப்போது உதிர்வதன் மேலேயே பூசினால் நிற்காது. பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடுங்கள்.

மேலூர்: மணல் கலந்த கிரவுட்டா, கலக்காததா?

இடைவெளி 3 மி.மீ.க்குக் கீழே என்றால் கலக்காதது, மேலே என்றால் கலந்தது. பளபளப்பான மார்பிளுக்கு மணல் ஆகாது, கீறிவிடும்.

கே.கே. நகர்: சமையலறை மேடைக்கு எபாக்ஸி போடலாமா அண்ணே?

போடுங்கள் அம்மா, அது சிமெண்டுக்குப் பதில் பிசினால் ஆன கிரவுட், மஞ்சளும் எண்ணெயும் இறங்காது. பிசினையும் கெட்டியாக்கியையும் பாக்கெட்டில் வந்தபடி முழுதாகக் கலக்க வேண்டும். கண் அளவில் பாதி பாதியாகப் பிரித்தால் இறுகாமலே கிடக்கும். வெயில் ஏற ஏறச் சீக்கிரம் இறுகும் என்பதால் காலையிலேயே முடித்துவிடுங்கள். டைல்ஸ் மேல் படிந்ததை உடனுக்குடன் துடைக்காவிட்டால் பிறகு பெரும்பாடு.

உசிலம்பட்டி: நானும் கொத்தனார்தான். கோடு தெரியக் கூடாது என்று வீட்டுக்காரர்கள் கேட்கிறார்கள். பதினைந்து வருடமாக இடைவெளி இல்லாமல்தான் ஒட்டுகிறேன். இடைவெளிக்காக நடுவில் வைக்கும் ஸ்பேசர் வீண் செலவு.

இதை ஒப்புக்கொள்ளவே மாட்டேன். வெயிலில் தரை விரியும், இரவில் சுருங்கும். விரிய இடமில்லாத டைல்ஸ் ஒன்றையொன்று நெருக்கித் தூக்கிக்கொள்ளும்.

உசிலம்பட்டி: இப்போது வருவது விளிம்பு சீவிய டைல்ஸ். அளவு பிசகாது.

அளவு பிசகாது, சரி. விரிவதை நிறுத்துமா? அதற்கும் 2 மி.மீ. விடத்தான் வேண்டும். கோடு தெரியாமல் இருக்க டைல்ஸ் நிறத்திலேயே கிரவுட் வாங்குங்கள். வீட்டுக்காரரிடம் இதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

வில்லாபுரம்: எங்கள் ஹாலில் இரவு இரண்டு மணிக்குப் பட்டாசு போலச் சத்தம். விளக்கைப் போட்டுப் பார்த்தால் நடுவில் இரண்டு டைல்ஸ் கூடாரம் போல நிற்கின்றன. இடைவெளி விடாமல் ஒட்டியது.

உசிலம்பட்டி அண்ணன் இதைப் படிக்க வேண்டும். அம்மா, தட்டிப் பார்த்து உள்ளே காலியாக இருப்பதுபோல ஒலிக்கும் டைல்ஸை எல்லாம் எடுத்து, இடைவெளி விட்டு ஒட்டச் சொல்லுங்கள். சுவரோரம் 5 மி.மீ. காலியாக இருக்கட்டும், சுவரடியில் ஒட்டும் ஸ்கர்டிங் பட்டை அதை மறைத்துவிடும்.

வாடிப்பட்டி: எங்கள் வீட்டிலும் கிரவுட் உதிர்கிறது.

முதல் பதில். தண்ணீர்.

திருப்பரங்குன்றம்: கறுப்புக் கிரவுட்டில் வெள்ளை பூக்கிறது. ஆசிட் ஊற்றலாமா?

ஊற்றாதீர்கள். ஆசிட் சிமெண்டையே தின்றுவிடும். அது உப்பு, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கலந்திருப்பீர்கள், அதிகமாகவும் ஊற்றியிருப்பீர்கள். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். அடுத்த முறை குடிதண்ணீரில் கலக்குங்கள், அளந்து.

சோழவந்தான்: தம்பி, என் அப்பா காலத்தில் மொட்டை மாடித் தட்டோட்டுக்குச் சுண்ணாம்போடு கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்தார்கள். கிரவுட்டிலும் சேர்க்கலாமா?

ஐயா, அந்தத் தளங்களைப் பெயர்த்துப் பார்த்தவன் நான், உளி இறங்காது. ஆனால் அது சுண்ணாம்புக்கான பக்குவம். சிமெண்டில் இனிப்பு சேர்ந்தால் இறுகுவது தடைப்படும். சிறிதளவு சர்க்கரையே போதும், கலவை நாள் கணக்கில் ஈரமாகக் கிடக்கும். தட்டோட்டைப் பழுது பார்க்கிறீர்கள் என்றால் சுண்ணாம்பிலேயே செய்யுங்கள். அந்தப் பக்குவம் தெரிந்த கை இருந்தால் விட்டுவிடாதீர்கள்.

மாட்டுத்தாவணி: மொட்டை மாடி ஒழுகுகிறது. எபாக்ஸி கிரவுட் போட்டால் நிற்குமா?

நிற்காது. அடியில் நீர்த்தடுப்பு வேலை செய்பவரைக் கூப்பிடுங்கள்.

அனுப்பானடி: கிரவுட் போட்டு ஒரு வருடம், பொடியாகக் கொட்டுகிறது...

மூன்றாவது முறை. முதல் பதில்.

காரைக்குடி: பூஜை அறைக்கு ஆத்தங்குடி டைல்ஸ் வாங்கியிருக்கிறோம். என்ன நிறம் போடுவது?

கறுப்பு மட்டும் வேண்டாம். அது கையால் செய்த சிமெண்ட் டைல்ஸ், மேல்முகமே நிறத்தைக் குடிக்கும். உடைந்த துண்டு இரண்டைப் பக்கத்தில் வைத்து, வாங்கிய கிரவுட்டை இடுக்கில் போட்டுத் துடைத்துவிட்டு, மறுநாள் காய்ந்தபின் பாருங்கள். கறை இல்லை என்றால் வேலையைத் தொடங்குங்கள்.