துறைமுகத்தில் சுங்க எல்லை: நிலம் யாருக்கு, பிடி யாருக்கு?

கேள்வி: வெளிநாட்டு உப்புத்தோல் (உப்பிட்ட பச்சைத்தோல்) இறக்குகிறோம். சென்னைத் துறைமுகத்தில் கஸ்டம்ஸ் நிறுத்தி வைத்த நாட்களுக்கும் வாடகை கேட்கிறார்கள். அந்த இடம் யாருடையது? சுங்கப் பகுதி என்று வரையறுப்பது யார்?
- வாசகர், மேல்விஷாரம்

பதில்: நிலம் துறைமுகத்துக்கு, சரக்கின் மேலுள்ள பிடி கஸ்டம்ஸுக்கு. வாடகைத் தகராறின் வேர் இதுதான்.

1962-ம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 7-வது பிரிவின்படி, எது சுங்கத் துறைமுகம் என்பதை மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியம் அறிவிக்கிறது. எந்த இடத்தில் சரக்கு ஏற்றி இறக்கலாம், சுங்கப் பகுதியின் எல்லை எதுவரை என்பதை 8-வது பிரிவின் கீழ் சுங்க ஆணையர் வரையறுக்கிறார். மணலி, மாதவரம் பக்கத்து சி.எஃப்.எஸ். யார்டுகள் (கன்டெய்னர் சரக்கை வைத்துக் கையாளும் நிலையங்கள்) துறைமுக மதிலுக்கு வெளியே இருந்தாலும் சுங்கப் பகுதி ஆனது இப்படித்தான்.

அடுத்து, சரக்கைக் காக்கும் பொறுப்பாளர். அவருக்கு 45-வது பிரிவில் ஒப்புதல் வேண்டும். சுற்றுச்சுவர், கிரேன், ஆட்கள், பாதுகாப்பு, காப்பீடு என்று சுங்கப் பகுதியில் சரக்கைக் கையாள்வதற்கான 2009-ம் ஆண்டு விதிகள் கேட்பதையெல்லாம் அவர் காட்ட வேண்டும். அவர் காவலில் இருக்கும்போது சரக்கு களவு போனால், அதற்குரிய சுங்க வரி அவர் தலையில் விழும். அதனால் யார்டில் இருந்து வண்டி கிளம்பும் முன்பே சீல் எண்ணையும் எடையையும் சரிபார்த்து, குறை இருந்தால் அங்கேயே எழுதி வாங்குங்கள்.

இனி வாடகை. கஸ்டம்ஸ் முடக்கிய சரக்குக்கு வாடகை கூடாது என்று அதே 2009 விதிகள் சொல்கின்றன. ஆனால் "வேறு சட்டத்துக்கு உட்பட்டு" என்ற சொற்களும் கூடவே நிற்கின்றன. சென்னை போன்ற பெருந்துறைமுகங்கள் தம் சொந்தச் சட்டப்படி டெமரேஜ் (சரக்கை எடுக்கத் தாமதமானதற்கான வாடகை) வசூலிக்கின்றன. நிறுத்தி வைத்த நாட்களுக்குக் கஸ்டம்ஸ் தரும் சான்றிதழைக் காட்டினாலும் இறக்குமதியாளர் அதைக் கட்டத்தான் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொல்லிவிட்டது. சான்றிதழ் வாங்கித் தள்ளுபடி கேட்கலாம். உரிமையாகக் கோர முடியாது. கன்டெய்னரைத் தாமதமாகத் திருப்பித் தருவதற்குக் கப்பல் கம்பெனி கேட்கும் டிடென்ஷன் கட்டணம் தனிக் கணக்கு.

ஆகவே நாட்களைக் குறைப்பதே வழி. பில் ஆஃப் என்ட்ரியை (கஸ்டம்ஸுக்குத் தரும் இறக்குமதி அறிவிப்புப் பத்திரத்தை) கப்பல் வருவதற்கு 30 நாள் முன்பே போடலாம். பொதுவாக, கப்பல் வரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் போட்டாக வேண்டும். தாமதித்தால் முதல் 3 நாளுக்குத் தினம் 5,000 ரூபாய், பிறகு தினம் 10,000. உப்புத்தோலுக்கு விலங்கு தனிமைப்படுத்தல் அதிகாரியின் அனுமதியும் வேண்டும். பெரும்பாலும் இழுப்பது அதுதான். இறக்குமதி சுகாதார அனுமதியைச் சரக்கு கப்பலேறும் முன்பே கையில் வைத்துக்கொள்ளுங்கள். இறக்கிய 30 நாளுக்குள் எடுக்காத சரக்கை, நோட்டீஸ் கொடுத்து, சுங்க அதிகாரியின் அனுமதியோடு பொறுப்பாளர் விற்றுவிடலாம் என்கிறது 48-வது பிரிவு.