பார்ட் டைம் பையனுக்கும் ஹாலிடே பே உண்டும்மா, தைரியமா கேக்கச் சொல்லுங்க

அம்மா, உங்க வாய்ஸ் மெசேஜ ரெண்டு தடவ கேட்டேன். பையன் கனடால ஸ்கார்பரோல காலேஜ் படிச்சுக்கிட்டே ஒரு கடையில வேலை பாக்குறான், கிறிஸ்மஸுக்கு மறுநாள் பாக்ஸிங் டே அன்னைக்கும் போய் அஞ்சு மணி நேரம் நின்னுருக்கான், ஓனர் எப்பவும் போல சம்பளம் போட்டுட்டு "நீ பார்ட் டைம், உனக்கு ஹாலிடே பே கெடையாது"ன்னுட்டாரு, அவன் கேக்கலாம்னு போனப்ப நீங்கதான் "வேணாம்டா, விசாவுக்கு ஏதாவது ஆயிடப்போகுது"ன்னு நிறுத்திட்டீங்க. லோன் போட்டு அனுப்பின பிள்ள, பயம் வரத்தான் செய்யும். ஆனா நீங்க பயப்பட வேண்டிய விஷயம் வேற ஒண்ணு இருக்கு, அதையும் சொல்றேன்.

ஹாலிடே பேன்னா அரசு விடுமுறை நாளுக்குத் தர்ற சம்பளம். அவன் இருக்குற ஒன்டாரியோ மாகாணச் சட்டத்துல ஃபுல் டைம், பார்ட் டைம்னு பிரிச்சு அதக் குடுக்கச் சொல்லவே இல்ல. நேத்து சேர்ந்தவனுக்கும் உண்டு, வாரத்துக்கு ரெண்டு நாள் வர்றவனுக்கும் உண்டு. வருஷத்துக்கு 9 நாள்: நியூ இயர், பிப்ரவரில ஃபேமிலி டே, குட் ஃப்ரைடே, விக்டோரியா டே, ஜூலை 1 கனடா டே, லேபர் டே, அக்டோபர்ல தேங்க்ஸ்கிவிங், கிறிஸ்மஸ், பாக்ஸிங் டே. ஆகஸ்ட் மொத திங்கக்கெழம ஊரே லீவு மாதிரி இருக்கும், ஆனா அது இந்தக் கணக்குல வராது, அதுக்குப் போய் சண்ட போட வேணாம்னு சொல்லுங்க.

கணக்கு இப்படி. லீவு வர்ற வாரத்துக்கு முந்தின 4 வாரம் சம்பாதிச்சத கூட்டி 20ஆல வகுக்கணும். உங்க பையன் வாரம் 20 மணி நேரம், மணிக்கு 17.60 டாலர் (2025 அக்டோபர்ல இருந்து அங்க மினிமம் அதுதான்). வாரத்துக்கு 352, நாலு வாரத்துக்கு 1408, இருபதால வகுத்தா 70.40 டாலர். இது அன்னைக்கு வீட்ல படுத்துத் தூங்குனாலும் வர வேண்டிய காசு. அவன் வேலைக்கே போயிருக்கான், அதனால அந்த அஞ்சு மணி நேரத்துக்கு ஒன்றரை மடங்கு, அதாவது மணிக்கு 26.40 வீதம் 132 டாலர் தனியா. ரெண்டும் சேர்ந்து 202.40 வரணும், கைக்கு வந்தது 88. அப்படி இல்லன்னா சாதாரண சம்பளத்தோட, வேற ஒரு நாள் சம்பளத்தோட லீவு தர்றேன்னு எழுத்துல பேசியிருக்கணும். அவன்கிட்ட அப்படி எதுலயும் சைன் வாங்கலன்னு நீங்களே சொல்றீங்க.

ஒண்ணு மட்டும் அவன்கிட்ட கேளுங்க. லீவுக்கு முன்னாடி அவனுக்குப் போட்டிருந்த கடைசி ஷிஃப்டும், லீவு முடிஞ்சு வர்ற மொத ஷிஃப்டும் முழுசா பாத்தானா? உடம்பு முடியாம போன மாதிரி நியாயமான காரணம் இல்லாம அதுல ஒண்ண விட்டிருந்தாலும் அந்த 70.40 போயிடும், வேலை பாத்த நேரத்துக்கு ஒன்றரை மடங்கு மட்டும் மிஞ்சும். நெறைய பசங்க இதுலதான் ஏமாந்து போறாங்க.

அடுத்தது வெகேஷன் பே, அதாவது வருஷ லீவுக்குன்னு சேர்ற காசு. இதச் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். நான் அங்க படிக்கப் போன புதுசுல ஒரு கடையில எட்டு மாசம் வேலை பாத்துட்டு விட்டேன், கடைசி சம்பளம் வந்துச்சு, தேங்க்ஸ் சொல்லிட்டு வந்துட்டேன். வெகேஷன் பேன்னு ஒண்ணு இருக்குறதே தெரியாது, தெரிஞ்சப்ப ரொம்ப லேட். உங்க பையன் அப்படி விட்டுடக் கூடாது. மொத 5 வருஷம் வரைக்கும், வரி புடிக்கிறதுக்கு முந்தின சம்பளத்துல 4 சதவீதம் வெகேஷன் பே, அப்புறம் 6. வாரம் 352னு ஒரு 16 வாரம் பாத்தான்னா 5632 டாலர், அதுல 225.28 அவனோடது, லீவே எடுக்காம வேலைய விட்டாலும் குடுத்தாகணும். பே ஸ்டப்ப, அதாவது சம்பளச் சீட்ட எடுத்துப் பாக்கச் சொல்லுங்க. ஒவ்வொரு சம்பளத்தோடயும் சேத்துத் தர்றாங்கன்னா அதுக்கு அவன் ஒத்துக்கிட்டிருக்கணும், வெகேஷன்னு தனி வரியும் இருக்கணும். "உன் 17.60லயே எல்லாம் அடக்கம்"னு வாயால சொன்னா செல்லாது.

ஓவர்டைம் அவனுக்கு இப்ப வராது. ஒரே வாரத்துல 44 மணி நேரம் தாண்டுனாதான் ஒன்றரை மடங்கு. ஆனா காலேஜ் லீவு விட்டு ஃபுல் டைம் பாக்கும்போது ஒண்ணு நடக்கும் பாருங்க: ஒரு வாரம் 50 மணி நேரம் போடுவாங்க, அடுத்த வாரம் 38, சம்பளம் ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா வர்றதால "மொத்தம் 88, பாதி 44, ஓவர்டைம் இல்ல"ன்னுடுவாங்க. எழுத்துல ஒப்பந்தம் இல்லாம அப்படி சராசரி போடக்கூடாது. மொத வாரத்துல 6 மணி நேரம் ஓவர்டைம், அவ்வளவுதான். அதனால தினமும் எத்தன மணிக்கு உள்ள போனான், எத்தன மணிக்கு வெளிய வந்தான்னு ஃபோன்ல குறிச்சு வெக்கட்டும். மாமியார் வீட்டு நகைக் கணக்கு மாதிரி பத்திரமா இருக்கட்டும்.

இப்ப அந்தப் பயப்பட வேண்டிய விஷயம். ஸ்டூடன்ட் விசால இருக்குறவன் கிளாஸ் நடக்குற சமயத்துல காலேஜுக்கு வெளிய வாரத்துக்கு 24 மணி நேரம்தான் பாக்கலாம், ரெண்டு கடையில பாத்தாலும் சேத்து 24. சில ஓனர்ஸ் "மேல பாக்குற நேரத்துக்குக் கையில காசா தர்றேன், யாருக்கும் தெரியாது"ன்னு ஆரம்பிப்பாங்க. பையனும் வாடகைக்கு ஆகும்னு ஒத்துக்குவான். அன்னைல இருந்து அவன் வாய் தொறக்க முடியாது, ஹாலிடே பே கேட்டா "நீ 24 தாண்டுனத சொல்லட்டுமா"ன்னு ஒரு வார்த்த போதும். விசா போறது இப்படித்தாம்மா. உரிமையான காசக் கேட்டு யாருக்கும் விசா போகாது, கேட்டதுக்காக வேலைய விட்டுத் தூக்குறதும் மெரட்டுறதும் அங்க சட்டப்படி தப்பு. அதனால மொதல்ல அவன்கிட்ட கோவப்படாம இத மட்டும் கேளுங்க, 24 தாண்டிருக்கானா இல்லையா. தாண்டியிருந்தா ஓனர்கிட்ட பேசுறதுக்கு முன்னாடி என்கிட்ட பேசட்டும், காலேஜ் இன்டர்நேஷனல் ஆபீஸ்ல இமிக்ரேஷன் பத்திச் சொல்றவங்க யாரப் பாக்கணும்னு சொல்றேன்.

தாண்டலன்னா தைரியமா கேக்கட்டும். நேர்ல போய் நிக்க வேணாம், ஓனருக்கு ஒரு மெசேஜ் போதும்: பாக்ஸிங் டே 5 மணி நேரம் பாத்தேன், பப்ளிக் ஹாலிடே பேயும் ஒன்றரை மடங்கும் விட்டுப்போயிருக்கு, 114.40 டாலர் வரணும், அடுத்த சம்பளத்துல சேத்துடுங்கன்னு மரியாதையா. பாதிப் பேர் இதுலயே குடுத்துடுவாங்க, ஏன்னா எழுத்துல வந்துடுச்சு. குடுக்கலன்னா ஒன்டாரியோ லேபர் மினிஸ்ட்ரில ஆன்லைன்லயே புகார் போடலாம், ஃபீஸ் கெடையாது, வக்கீல் வேணாம், ஆனா காசு வர வேண்டிய நாள்ல இருந்து 2 வருஷத்துக்குள்ள போடணும்.

நவம்பர் கடைசில இருந்து ஜனவரி வரைக்கும் உள்ள பே ஸ்டப்பயும், ஷிஃப்ட் போட்ட வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டயும் அவன எனக்கு அனுப்பச் சொல்லுங்க. ஞாயித்துக்கெழம ராத்திரி உங்களுக்கு, அங்க அவனுக்குக் காலைல, மூணு பேரும் ஒரே ஃபோன் கால்ல உக்காந்து வரி வரியா பாத்துடலாம்.