வாசகர் கேள்விக்குப் பதில்: பொருளுள்ள வாழ்க்கையை எங்கே தேடுவது?

கேள்வி: எனக்கு 25 வயது. கோலாலம்பூர் செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீட்டில் அம்மா, தம்பி, பாட்டி ஆகியோருடன் வசிக்கிறேன். பங்சார் சவுத்தில் உள்ள ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். ஐரோப்பிய நேரத்துக்கு ஏற்ப மாலையில் தொடங்கும் வேலை நள்ளிரவு தாண்டித்தான் முடியும். வீட்டு வாடகை, தம்பியின் கல்லூரிக் கட்டணம், என் பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடன் எல்லாவற்றையும் நானே கட்டுகிறேன். ஆனால் இந்த வாழ்க்கைக்கு என்ன பொருள் என்ற கேள்வி இரண்டு ஆண்டுகளாக என்னை விடவில்லை. வேலை முடிந்து வந்து விடியற்காலை இரண்டு மணிக்குக் குறிப்பேட்டில் என் எண்ணங்களை எழுதுகிறேன். எழுத எழுத வெறுமைதான் கூடுகிறது. ஜானகி ஆதி நாகப்பன் 18 வயதில் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு விடுதலைப் படையில் சேர்ந்தார். நான் யாருடைய விலைச்சீட்டுகளையோ சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன். வேலையை விட்டுவிட்டு, இந்தியாவில் ஓர் ஆசிரமத்தில் ஓராண்டு தொண்டு செய்ய நினைக்கிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. எங்கள் கட்டடத்தின் நான்காம் மாடியில் கோலசிலாங்கூர் பக்கத் தோட்டத்தில் பிறந்த ஒரு பாட்டி இருக்கிறார். குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டை வைத்திருப்பவர். அவருக்குக் குடியுரிமை விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, இரண்டு முறை பதிவிலாகாவுக்கு அழைத்துச் சென்றதைத் தவிர பிறருக்கென்று நான் எதுவும் செய்ததில்லை. என்ன செய்யட்டும், அக்கா?

– செந்தூல் வாசகி

பதில்:

அன்புத் தங்கைக்கு,

ஆசிரமத்துக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது வேண்டாம் என்பதே என் பதில். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியை நான் மதிக்கிறேன். "வயது அப்படி, கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்" என்று இதைத் தள்ளிவிடுகிற பெரியவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். கல்யாணம் ஆனாலும் இந்தக் கேள்வி போகாது, போகவும் கூடாது.

முதலில் உடம்பைப் பற்றிப் பேசிவிடுவோம். விடியற்காலை இரண்டு மணிக்கு, எட்டு மணி நேரம் எண்களைப் பார்த்துச் சிவந்த கண்களோடு, தன் வாழ்க்கைக்குப் பொருள் இருக்கிறதா என்று தன்னையே கேட்டுக்கொள்ளும் எவருக்கும் இல்லை என்ற பதில்தான் கிடைக்கும். களைப்பும் வெறுமையும் அந்த நேரத்தில் ஒரே முகத்தோடு வந்து நிற்கும். எது எது என்று பிரித்தறிய முடியாது. 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தத்தின்படி, வேலை நேரத்தையோ, வேலை நாளையோ, வேலை செய்யும் இடத்தையோ மாற்றித் தருமாறு ஊழியர் எழுத்துமூலம் விண்ணப்பிக்கலாம். நிறுவனம் 60 நாள்களுக்குள் எழுத்துமூலம் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணத்தையும் சொல்ல வேண்டும். வேலையையே விட நினைப்பவர் அதற்கு முன் இந்த ஒரு கடிதத்தை எழுதிப் பார்க்கலாம். தூக்கம் சீரான பிறகும் எதிலும் மனம் ஒட்டவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்வதே சுமையாக இருக்கிறது என்றால், தயங்காமல் அரசாங்க சுகாதார நிலையத்துக்குப் போங்கள். அங்கே நம் குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட்தான். இரவில் மனம் தாங்காமல் போனால், 1970 முதல் கோலாலம்பூரில் இயங்கிவரும், மனம் நொந்தவர்களின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பைத் தொலைபேசியில் அழைக்கலாம். உங்கள் கடிதத்தில் அப்படிப்பட்ட அறிகுறி எதையும் நான் காணவில்லை. ஆனாலும் இதைச் சொல்லாமல் மேலே போக என் மனம் ஒப்பவில்லை.

ஜானகி அம்மையாரை நீங்கள் நினைவுகூர்ந்தது எனக்கு மகிழ்ச்சி தந்தது. 1925-இல் இதே கோலாலம்பூரில் வசதியான குடும்பத்தில் பிறந்து, 1943-இல் இங்கே நேதாஜியின் உரையைக் கேட்டுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்து, இந்திய தேசிய இராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணி படையில் சேர்ந்தவர் அவர். நம் மேடைகளில் அவருடைய கதை பெரும்பாலும் அந்தத் தோட்டோடும் துப்பாக்கியோடும் முடிந்துவிடுகிறது. படை கலைந்து ஊர் திரும்பிய பின், போரில் நொந்துபோயிருந்த நம் மக்களுக்காக மலாயாவுக்கு வந்த இந்தியக் காங்கிரஸ் மருத்துவக் குழுவோடு சேர்ந்து பணி செய்தார். 1946-இல் மலாயா இந்தியர் காங்கிரஸ் தோன்றியபோது அதன் தொடக்க உறுப்பினர்களில் ஒருவராக நின்றார். பின்னாளில் நம் நாடாளுமன்றத்தின் மேலவையிலும் அமர்ந்தார். 2014-இல் தமது 89-ஆவது வயதில் மறைந்தார். தோட்டைக் கழற்ற ஒரு நிமிடம் போதும். அதற்குப் பிறகு வந்த எழுபது ஆண்டுகளில் மேடையும் கைதட்டலும் இல்லாத நாள்களே மிகுதியாக இருந்திருக்கும். அவருடைய வாழ்வின் மிக உயரமான ஒரு மாலைப் பொழுதை எடுத்துவைத்து, உங்களுடைய சாதாரணச் செவ்வாய்க்கிழமையை அதன் பக்கத்தில் நிறுத்தி அளக்கிறீர்கள். அந்த அளவுகோலில் அவருடைய செவ்வாய்க்கிழமைகளும் தோற்றுத்தான் போகும்.

இனி நான்காம் மாடிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்த இடம் அதுதான்; நீங்களோ அதை "தவிர" என்ற சொல்லுக்கு முன்னால் ஒதுக்கிவிட்டீர்கள்.

சுதந்திரத்துக்கு முன் இந்த மண்ணில் பிறந்த ஒருவர், நன்னடத்தை உள்ளவராக, விண்ணப்பத்துக்கு முந்திய ஏழு ஆண்டுகளில் ஐந்து ஆண்டுகளேனும் இங்கே வாழ்ந்து, தொடர்ந்து இங்கேயே வாழ எண்ணி, ஓரளவு மலாயும் அறிந்திருந்தால், குடியுரிமைக்கு விண்ணப்பிக்க நம் அரசியலமைப்பின் 16-ஆவது பிரிவு வழி வைத்திருக்கிறது. ஆனால் இங்கே பிறந்தேன் என்பதற்குச் சான்று எங்கே? லயத்து வீட்டில் மருத்துவச்சி கையில் பிறந்த பிள்ளைக்குப் பத்திரம் எடுக்க, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு டவுனுக்குப் போக வேண்டும். பல பெற்றோருக்கு அது முடியவில்லை. தோட்டத்து எழுத்தரான கிராணி தம் காதில் விழுந்தபடி எழுதிய பெயர் சம்பளப் புத்தகத்தில் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் வேறு விதமாகவும், தகப்பனார் பெயர் மூன்றாவது விதமாகவும் இருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பிரமாணம் செய்ய வேண்டும். கூடப் பிறந்து வளர்ந்தவர்களில் உயிரோடு இருக்கும் ஒருவரைச் சாட்சிக்குத் தேட வேண்டும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் பழைய பதிவேடு எங்கே போயிற்று என்று விசாரிக்க வேண்டும். இத்தனையையும் மலாயில் எழுதி, முகப்பில் இருப்பவரிடம் பணிவோடும் விடாப்பிடியாகவும் பேச வேண்டும். அந்தப் பாட்டி இந்த நாட்டிலேயே பிறந்து, இந்த நாட்டு ரப்பர் மரங்களைச் சீவிப் பால் எடுத்து, இந்த நாட்டிலேயே முதுமை அடைந்தவர். இருந்தும் அவர் வாக்களிக்க முடியாது. குடிமக்களுக்கென்று அரசாங்கம் தரும் உதவித் தொகையும் அவருக்குக் கிடைக்காது. பகலில் தூங்க வேண்டிய உங்கள் நேரத்தை எடுத்து அவரோடு இரண்டு முறை எண்ணட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்களே, அந்த இரண்டு நாள்களிலும் உங்களுடைய பொருள் பற்றிய கேள்வி வந்து உங்களைத் தொந்தரவு செய்ததா? சற்று யோசித்துப் பார்த்து உண்மையாகப் பதில் சொல்லுங்கள். வந்திருக்காது என்றே நான் எண்ணுகிறேன்.

ஒருவர் உங்களை நம்பி எதிர்பார்த்திருப்பதும், நீங்கள் சொன்னபடி திரும்பத் திரும்பப் போய் அவர்முன் நிற்பதும் சேர்ந்துதான் ஒரு வாழ்க்கைக்குப் பொருள் சேர்க்கின்றன என்று நான் நம்புகிறேன். அந்தப் பொருள் தனியே உட்கார்ந்து யோசிப்பவரின் கைக்கு அகப்படுவதில்லை. யோசனை தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. யோசனைக்குப் பிடிமானமாக ஒரு முகம் வேண்டும்.

உங்கள் வீட்டுப் பாட்டியிடமும் ஒன்று கேளுங்கள். 1950-களின் பிற்பகுதியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றபோது தொழிலாளர் குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தன. நான்காம் மாடிப் பாட்டியைப் போன்றவர்களின் தாள்கள் தொலைந்த கதையிலும் இந்தத் தோட்டத் துண்டாடலுக்குப் பங்கு உண்டு. அதைத் தடுக்கத்தான் மலாயா இந்தியர் காங்கிரஸின் அப்போதைய தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி போடுங்கள், தோட்டத்தை நாமே வாங்குவோம் என்றார். வரலாற்றில் அவர் பெயர் நிற்கிறது; நிற்க வேண்டியதுதான். ஆனால் விடிவதற்கு முன் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்குப் போய், கிடைத்த கூலியில் பிள்ளைகளின் வயிற்றைச் சற்று இறுக்கிப் பிடித்து அந்தப் பத்து வெள்ளியைக் கட்டிய பெண்களின் பெயர் எந்தப் பாடநூலிலும் இல்லை. அவர்கள் கட்டிய பணத்தில்தான் சங்கம் தோட்டங்களை வாங்கியது. உங்கள் பாட்டி அதில் உறுப்பினராக இருந்தாரா, இல்லையென்றால் வேறு எதற்காகத் தம் கூலியில் ஒரு பங்கை ஒதுக்கினார் என்று கேட்டு, அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

குறிப்பேடு அதற்குப் பயன்படட்டும். இரண்டு ஆண்டுகளாக அதில் "நான்" என்ற ஒருவர் மட்டுமே இருக்கிறார் என்று தோன்றுகிறது. அவரும் எப்போதும் விசாரணைக் கூண்டிலேயே நிற்கிறார். சில மாதங்கள் அவருக்கு ஓய்வு கொடுங்கள். இன்று யாரைப் பார்த்தேன், அவர் என்ன சொன்னார், அவருக்கு நான் என்ன வாக்குக் கொடுத்தேன், அதை எந்த நாளில் செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். இரவில் வேண்டாம், எழுந்து காப்பி குடித்த பிறகு எழுதுங்கள்.

ஆசிரம வாழ்வை நான் குறைத்துப் பேசவில்லை. நம் பூச்சோங் சாலையில் சுவாமி சத்தியானந்தா நிறுவிய சுத்த சமாஜம் என்ற தொண்டு அமைப்பில், இளம் வயதில் வந்து சேர்ந்த அன்னை மங்களம், 1961-இல் சுவாமி மறைந்த பிறகு அந்தப் பொறுப்பைத் தாமே ஏற்று, 2023-இல் தாம் மறையும்வரை அதை விடவில்லை. அத்தகைய வாழ்வை விரும்புகிறவர் அதற்கு ஓராண்டு என்று கெடு வைப்பதில்லை. உங்களுடைய ஓராண்டுத் திட்டத்தில் தொண்டின்மேல் உள்ள ஆசையைவிட, இங்கிருந்து விலகி மூச்சு விட வேண்டும் என்ற தவிப்பே எனக்கு அதிகம் தெரிகிறது. அந்தத் தவிப்பு தவறன்று. அதற்கு விடுப்பு எடுத்துக்கொள்ளலாம், ஊர் சுற்றி வரலாம். தொண்டு என்று பெயர் வைத்துப் போனால், அங்கே மனம் பொருந்தாதபோது நான் எதற்கும் தகுதியில்லை என்ற முடிவுக்கு வந்துவிடுவீர்கள் என்று அஞ்சுகிறேன்.

வேலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விலைச்சீட்டுகளைச் சரிபார்ப்பது உங்களுக்கு மகிழ்ச்சி தராமல் இருக்கலாம். ஆனால் அந்தச் சம்பளத்தில் ஒரு தம்பி படிக்கிறான், ஒரு வீடு கடன்காரர் வாசலுக்கு வராமல் நடக்கிறது. அதே சமயம், பெண் பிள்ளை சம்பாதித்தால் அது வீட்டுக்கே என்ற வழக்கம் நம் குடும்பங்களில் எல்லையில்லாமல் நீண்டுபோவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதை நான் ஏற்பதில்லை. தம்பி எந்த ஆண்டு படிப்பை முடிக்கிறானோ அந்த ஆண்டுக்குப் பிறகு வீட்டுச் செலவில் அவன் பங்கு என்ன என்பதை இப்போதே அம்மாவோடும் அவனோடும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். அதற்குப் பின் நீங்கள் வேலை மாறலாம், மேலே படிக்கலாம், அப்போதும் மனம் கேட்டால் ஆசிரமத்துக்கும் போகலாம்.

அம்மாவிடம் சொல்வதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகலைத் தேர்ந்தெடுங்கள். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் வேண்டாம். "வேலையை விடப் போகிறேன்" என்று தொடங்கினால் அவருக்கு வாடகையும் கல்லூரிக் கட்டணமும்தான் கண்முன் வரும். பேச்சு அங்கேயே முறிந்துவிடும். "இரண்டு வருடமாக எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை, அம்மா" என்று தொடங்குங்கள். நேர மாற்றத்துக்கான கடிதத்தை அந்த வாரமே கொடுத்துவிடுங்கள். நான்காம் மாடிப் பாட்டியின் மனுவுக்குப் பதிவிலாகா தந்த ரசீதை இரண்டு நகல் எடுத்து, ஒன்றை அவரிடமும் ஒன்றை உங்களிடமும் வைத்துக்கொள்ளுங்கள். இத்தகைய மனுக்கள் ஆண்டுக்கணக்கில் நிலுவையில் கிடப்பதுண்டு. சில மாதங்களுக்கு ஒருமுறை போய் விசாரிப்பவர் இல்லையென்றால் கோப்பு நகராது. அடுத்த முறை விசாரிக்கப் போகும் தேதியை அவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். நேர்முகத்தில் மலாயில் கேட்பார்கள் என்பதால், மாடி ஏறும்போதெல்லாம் பத்து நிமிடம் அவரோடு மலாயிலேயே பேசிப் பழக்குங்கள்.

அன்புடன்,
அக்கா